தெரசீன் நகரில் ஒரு பகல்

செக் நாட்டின் தலைநகரான பிராகுக்கு வரும் வெளிநாட்டார்க்கென அமைந்துள்ள ஒருநாள் உலாக்களுள், யூதர்தம் பழமையையும் அவர்க்கு நேர்ந்த பேரழிவையும் ஒருங்கே காட்ட முயலும் உலா தனியிடம் பெற்றதாகும். காலையில் பழைய யூதப் பேட்டையாகிய யோசெபோவ். நண்பகலுக்குப்பின் வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெரசீன் கோட்டை நகர். அந்தி சாய்வதற்குள் மீண்டும் பிராக். பெரும்பாலான உலாக்களின் அமைப்பு இதுவே. நூலையும் நாடகத்தையும் திறனாய்வது போன்று இத்தகைய உலாவையும் திறனாய்தல் தகும். எதை முன்னே வைப்பது, எதனிடத்தில் நெடுநேரம் நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று யாரோ ஒருவர் எண்ணிக் கோத்ததுதானே இதுவும்? அன்றியும், தெரசீனைப் பொறுத்தவரை வேறெங்கும் இல்லாத ஒரு காரணமும் உண்டு. வழிகாட்டியின் பின்னே ஒரு பகலில் சுற்றிப் பார்க்கும் உலா ஒன்று அவ்வூரில் 1944ஆம் ஆண்டிலேயே நடந்திருக்கிறது. அதை நடத்தியவர்கள் நாஜிகள். இன்றைய உலா எத்தகையது என்பதற்கு அந்தப் பழைய உலாவே சரியான உரைகல்.

இரண்டு ஊர்களின் பெயர்களிலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1744ஆம் ஆண்டு டிசம்பரில் பிராக் நகரத்து யூதர் அனைவரும் வெளியேற வேண்டுமென ஆணையிட்டார். கடுங்குளிரில் வெளியேறியவர்கள் கனத்த வரி செலுத்த ஒப்பிய பின்னரே 1748இல் திரும்பி வர முடிந்தது. அவருடைய மைந்தர் இரண்டாம் யோசெப், 1781இல் பிற சமயத்தாரைப் பொறுத்துக்கொள்ளும் ஆணைகளைப் பிறப்பித்தவர். அந்த நன்றிக்காகவே யூதப் பேட்டைக்குப் பிற்காலத்தில் யோசெபோவ் என்று பெயர் வந்தது. அதே மன்னர் 1780இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குத் தம் அன்னையின் பெயரைச் சூட்டினார். தெரசீன் என்பது தெரேசாவின் ஊர். மைந்தர் பெயர் தாங்கிய பேட்டையில் வாழ்ந்த மக்கள், தங்கள் முன்னோரை விரட்டிய அன்னையின் பெயர் தாங்கிய மதிலுக்குள் இருநூறாண்டுகள் கழித்து அடைக்கப்பட்டனர். உலாவின் இரு பாதிகளையும் இயற்கையாக இணைக்கும் இச்செய்தி, வண்டியில் கழியும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடியது. ஆயினும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

யோசெபோவில் முதலில் விளக்கப்பட வேண்டியது, அங்கே பழைய பேட்டை இல்லை என்பதுதான். நெருக்கமும் நோயும் மலிந்த இடம் என்று கூறி, 1890களில் தொடங்கி நகராட்சியே அதன் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிற்று. இன்று அங்கு நிற்கும் மாடமாளிகைகளும் விலையுயர்ந்த கடைகளும் அந்த இடிப்புக்குப் பின் எழுந்தவை. எஞ்சியவை ஆறு ஜெப ஆலயங்களும், நகர மன்றமும், இடுகாடும். இதைக் கூறாது விட்டால், இல்லாத வீடுகளையெல்லாம் நாஜிகளே இடித்தனர் என்று பார்வையாளர் தாமாகவே முடிவு செய்துவிடுவர். நாஜிகள் அழித்தது கட்டடத்தை அன்று. அதில் தொழ வந்த மக்களை.

சுமார் 1270இல் எழுந்து இன்றளவும் வழிபாடு நடந்துவரும் பழைய-புதிய ஜெப ஆலயமும், 15ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை பிணம் அடக்கிய இடுகாடும் காணத்தக்கவையே. இடம் போதாமையால் மண்ணின்மேல் மண் கொட்டி அடுக்கடுக்காக அடக்கம் செய்தமையால், ஏறத்தாழ 12,000 நடுகற்கள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடக்கின்றன. அங்கே 1609இல் அடக்கமான ரபி லோவ் என்னும் பேரறிஞரின் கல்லறையருகே வழிகாட்டிகள் நெடுநேரம் நின்று, அவர் களிமண்ணால் செய்து உயிரூட்டினார் என்னும் கோலெம் கதையை விரித்துரைப்பர். அக்கதை அவர் காலத்துக்கு நெடுநாள் கழித்தே அவர்மேல் ஏற்றப்பட்டது. கதை சொல்வது குற்றமன்று. கோலெமுக்குக் கால் மணி நேரமும் பிங்காஸ் ஆலயத்துக்குப் பத்து நிமிடமும் என்று பங்கிடுவதுதான் குற்றம்.

பிங்காஸ் ஆலயமே இவ்வுலாவின் காலைப் பகுதிக்கு உயிர். 1535இல் கட்டப்பட்ட அவ்வாலயத்தின் உட்சுவர் முழுவதும், பொகீமியா, மொராவியா மாநிலங்களிலிருந்து கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 யூதரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. வாட்ஸ்லாவ் போஸ்டீக், யிர்ஷி யோன் என்னும் இரு ஓவியர்கள் 1950களின் பிற்பகுதியில் இப்பணியை நிறைவேற்றினர். ஊர்வாரியாகவும், ஊருக்குள் குடும்பவாரியாகவும் வரிசை அமைந்துள்ளது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த நாள். அதையடுத்து இன்னொரு நாள். அந்த இரண்டாவது நாளை இறந்த நாள் என்று கொள்வது பிழையாகும். அவர் உயிரோடிருந்ததாகத் தெரிந்த கடைசி நாள் அது. பலருக்கு அது இரயிலேற்றப்பட்ட நாள். இறந்த நாளைக் குறித்து வைப்பார் யாரும் இல்லை. இச்சிறு விளக்கத்தை ஒரு வழிகாட்டி கூறினாலும் கூறாவிட்டாலும் அதே சுவர்தான். ஆனால் கூறியபின் பார்ப்பவர் சுவரைப் பார்ப்பதில்லை, படிக்கத் தொடங்குகிறார்.

இச்சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு. நிலத்தடி நீர் ஊறிச் சுவர் கெடுகிறது என்று 1968இல் ஆலயம் மூடப்பட்டது. பெயர்கள் அகற்றப்பட்டன. பழுது பார்க்கும் வேலை இருபதாண்டுகளுக்கு மேல் இழுத்துக்கொண்டே சென்றது. பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின், 1990களில்தான் அத்தனை பெயர்களும் மீண்டும் முதலிலிருந்து எழுதப்பட்டன. ஒரு முறை உலகினின்று அழிந்தவர்கள் மற்றொரு முறை சுவரினின்றும் அழிந்தனர். நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டால் நினைவு நிலைத்துவிடும் என்று எண்ணுவாருக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுவதில்லை.

மேல்மாடத்தில் தெரசீன் குழந்தைகளின் ஓவியங்கள் உள்ளன. வியன்னாவில் பிறந்து பௌஹௌஸ் கலைக்கூடத்தில் பயின்ற பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் பெண்மணி, தெரசீனில் கைதியாயிருந்த காலத்தில் அக்குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் தம் பெயரை எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் போருக்குப்பின் பிராக் வந்து சேர்ந்தன. பட்டாம்பூச்சியும் பூவும் வரைந்த தாள்களையே வழிகாட்டிகள் விரும்பிச் சுட்டுகின்றனர். மூன்றடுக்குக் கட்டில்களையும் சோற்றுக்கு நிற்கும் வரிசையையும் வரைந்த தாள்களும் அங்கே உண்டு. கண்டதையே வரைந்த குழந்தை பட்டாம்பூச்சி வரைந்த குழந்தையைவிடத் தாழ்ந்ததன்று.

இந்த அருங்காட்சியகத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தியையும் இங்கே ஆராய வேண்டும். ‘அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்’ ஒன்றை அமைக்க ஹிட்லர் திட்டமிட்டார், அதற்காகவே இப்பொருள்கள் பிராகில் சேர்க்கப்பட்டன என்பது அச்செய்தி. கேட்டவர் மறக்கமாட்டாத தொடர்தான். ஆயினும் அத்தகைய பெயரில் ஒரு திட்டம் இருந்ததாகக் காட்டும் அக்கால ஆவணம் கிட்டவில்லை. அருங்காட்சியகம் 1906லேயே யூதர்களால் தொடங்கப்பட்டது. 1942இல், ஊரூராகக் காலியான ஆலயங்களின் திரைகளும் வெள்ளி விளக்குகளும் தோரா ஏடுகளும் அழியாமல் காக்கப்பட வேண்டுமென்று யூத அறிஞர்களே முனைந்தனர். நாஜி அதிகாரிகள் தம் நோக்கத்துக்காக அதற்கு இசைந்தனர். 150க்கு மேற்பட்ட ஊர்களின் பொருள்களை எண்ணிப் பதிந்து அட்டை எழுதிய அவ்வறிஞர்களுள் பெரும்பாலோர் பின்னர் இரயிலேற்றப்பட்டனர். ஹிட்லரின் திட்டம் என்று கூறுவதால் கதைக்குச் சுவை கூடுகிறது; ஆனால் உயிர் போகும் தறுவாயில் தம் மக்களின் பொருளைக் காத்தவர்களின் பெருமை கொலைகாரன் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. இதனை வழிகாட்டிகள் உணர வேண்டும்.

யோசெபோவிலிருந்து வண்டி நேரே நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது. இடையிலே ஒரு படி விடுபட்டுப் போகிறது. பிராக் யூதர்கள் நெடுஞ்சாலை வழியாகத் தெரசீன் செல்லவில்லை. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஹொலெஷொவிட்சேப் பகுதியில், பொருட்காட்சி மண்டபத்தருகே இருந்த மரக் கொட்டகைகளில் சில நாள்கள் வைக்கப்பட்டு, பூப்னி இரயில் நிலையத்திலிருந்து ஏற்றப்பட்டனர். அந்நிலையத்தின் முன் 2015இல் அலேஷ் வெசெலீ என்னும் சிற்பி ஒரு தண்டவாளத்தை வானை நோக்கி நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார். யோசெபோவிலிருந்து சிறு தொலைவே. அங்கே பத்து நிமிடம் நின்றாலும், காலையில் கண்ட பெயர்களுக்கும் மாலையில் காணப்போகும் ஊருக்கும் இடையே பாலம் கிடைத்துவிடும்.

தெரசீனில் வண்டி பெரும்பாலும் முதலில் நிற்பது சிறு கோட்டையின் வாயிலில். ஆற்றுக்கு அக்கரையில் தனியே நிற்கும் இக்கோட்டை, நாஜிகள் வருமுன்னரும் சிறைதான். முதல் உலகப் போருக்குக் காரணமான கொலையைச் செய்த கவ்ரீலோ பிரின்சிப் சிறைவைக்கப்பட்டிருந்தது இங்கேதான். 1940 ஜூன் முதல் கெஸ்டபோ எனும் இரகசியப் போலீஸார் இதைத் தம் சிறையாக்கினர். ஏறத்தாழ 32,000 கைதிகள் இதன் வழியே சென்றனர். சுமார் 2,600 பேர் இங்கேயே மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நாஜிகளை எதிர்த்த செக் நாட்டினர். யூதக் கைதிகளும் இருந்தனர். அவர்கள் நடத்தப்பட்ட விதம் எல்லாரிலும் கொடிது. இருண்ட அறைகள், கம்பிகள், உழைப்பே விடுதலை தரும் என்று வளைவில் தீட்டிய பொய் எழுத்து, சுடும் மைதானம் என்று காண்பதற்கு எல்லாமே உண்டு. சிறை என்றால் எப்படி இருக்கும் என்று மனத்தில் எண்ணி வந்தாரோ அப்படியே இருப்பதால் பார்வையாளர்க்கு நிறைவு ஏற்படுகிறது, படம் எடுத்துக்கொள்கின்றனர். ஊருக்குத் திரும்பியபின் அப்படத்தைக் காட்டி இதுதான் தெரசீன் யூதச் சேரி என்கின்றனர். அது அன்று. கெட்டோ எனப்படும் யூத அடைப்புச் சேரி, ஆற்றுக்கு இக்கரையிலுள்ள ஊரே.

இக்குழப்பம் தற்செயலாக வந்ததில்லை. 1947இல் இங்கே தேசிய நினைவகம் அமைந்தது. அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்த பொதுவுடைமைக் கட்சிக்கு, பாசிசத்தை எதிர்த்துப் போராடியோரின் சிறை ஏற்ற பொருளாயிற்று. யூதர் என்பதற்காகவே மாண்டோரின் ஊர் அத்துணை ஏற்றதாகவில்லை. ஊரின் நடுவிலுள்ள பழைய பள்ளிக்கூடம், கெட்டோ காலத்தில் சிறுவர் விடுதியாக இருந்த கட்டடம். பீட்டர் கின்ஸ் என்னும் சிறுவனை ஆசிரியனாகக் கொண்டு அங்கிருந்த பிள்ளைகள் ‘வெதெம்’ என்ற கையெழுத்து ஏட்டை வாரந்தோறும் நடத்தினர். அக்கட்டடத்தை யூதர் நினைவுக்கு ஒதுக்கும் எண்ணம் கைவிடப்பட்டு, காவற்படையின் பெருமை கூறும் காட்சிக்கூடமே அங்கு வைக்கப்பட்டது. கெட்டோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1991இல்தான். ஆட்சி மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், சிறு கோட்டைக்கு நெடுநேரம், ஊருக்கு எஞ்சிய நேரம் என்ற பழைய கணக்கையே உலாக்கள் பல பின்பற்றுகின்றன.

ஊரோ கண்ணுக்கு எதையும் காட்டுவதில்லை. சதுக்கம், மாதா கோயில், மரநிழல், மங்கிய மஞ்சள் நிறக் கட்டடங்கள், சன்னலில் பூந்தொட்டி. மக்கள் குடியிருக்கின்றனர், பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுகின்றனர். 1941 நவம்பர் 24ஆம் நாள் முதற் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டனர். அடுத்த ஆண்டின் நடுவில் உள்ளூர்க் குடிகள் முழுவதும் வெளியேற்றப்பட்டு ஊரே சிறையாயிற்று. 1942 செப்டம்பரில் இதற்குள் 58,000 பேர் நெருக்கியடிக்கப்பட்டிருந்தனர். அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 3,900 பேர் இறந்தனர். ஜெர்மனியிலிருந்து வந்த முதியோருள் பலர், முதியோர் இல்லத்தில் ஆயுட்கால இடம் என்று ஒப்பந்தம் எழுதித் தம் சேமிப்பைக் கட்டிவிட்டு வந்தவர்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இங்கே அடைக்கப்பட்டனர். 33,000க்கு மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் இங்கேயே இறந்தனர். ஏறத்தாழ 87,000 பேர் கிழக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் பிழைத்தோர் 4,000க்கும் குறைவு.

இனி அந்தப் பழைய உலாவுக்கு வரலாம். டென்மார்க்கிலிருந்து 1943 அக்டோபரில் பிடித்துவரப்பட்ட ஏறத்தாழ 470 யூதர்களைப் பற்றி அந்நாட்டு அரசாங்கம் விடாது கேட்டுக்கொண்டிருந்தது. பார்வையாளரை அனுமதிப்பதென நாஜிகள் ஒப்பி, ஊரை அழகுபடுத்தத் தொடங்கினர். சுவர்களுக்குச் சாயம் பூசினர். எழுத்தும் எண்ணுமாயிருந்த தெருக்களுக்கு இனிய பெயர்கள் இட்டனர். கைதிகள் கால்வைக்கக் கூடாதிருந்த சதுக்கத்தைத் திறந்து, புல் வளர்த்து, பாடகர் மேடை கட்டினர். குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் வந்தது. நடவாத பள்ளிக்கு விடுமுறை என்று பலகை மாட்டினர். நெருக்கடி கண்ணில் படாதிருக்க, 1944 மே மாதத்தில் சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினர். போகும் வழி, நிற்கும் இடம், யார் எங்கே என்ன பேசுவது என்பதெல்லாம் ஒத்திகை பார்க்கப்பட்டன. சார்டின் மீன் தின்று அலுத்துவிட்டதாகச் சொல்லக் குழந்தைகள் பழக்கப்பட்டனர் என்று உயிர் தப்பியோர் கூறுவர்.

ஜூன் 23ஆம் நாள் பார்வையாளர் வந்தனர். டென்மார்க் அதிகாரிகள் இருவர். சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் மோரிஸ் ரோசெல் என்னும் ஸ்விஸ் இளைஞர். கைதிகளின் தலைவராகிய பவுல் எப்ஸ்டைன், கற்பித்த பாடத்தை ஒப்பித்தபடி உடன் வந்தார். ஹான்ஸ் கிராசா இயற்றிய ‘புருண்டிபார்’ என்னும் சிறுவர் இசை நாடகத்தையும் கண்டனர். மாலையில் புறப்பட்டுச் சென்றனர். எந்தச் சிற்றூரையும் போன்றதே இது என்றும், இங்கு வந்தவர்கள் வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை என்றும் ரோசெல் தம் அறிக்கையில் எழுதினார். அதற்குள் 60,000க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டிருந்தனர். எப்ஸ்டைன் செப்டம்பரில் சிறு கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை ஒரே மாதத்தில் 18,000க்கும் மேற்பட்டோர் இரயிலேற்றப்பட்டனர். கிராசாவும் அவர்களுள் ஒருவர். இவ்வூரைப் பற்றிய போலிப் படத்தை இயக்கும்படி ஏவப்பட்ட நடிகர் குர்ட் கெரோனும் ஒருவர். 1979இல் குளோட் லான்ஸ்மன் என்னும் பிரெஞ்சு இயக்குநர் ரோசெலைப் பேட்டி கண்டபோதும், தாம் கண்டதையே எழுதியதாக அவர் தம் அறிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பேட்டி 1997இல் படமாக வெளிவந்தது.

கண்டதையே எழுதினார் என்பது மெய்தான். காட்டியதை மட்டுமே கண்டார் என்பதும் மெய். கதவொன்றைத் தாமே திறந்து பார்க்கவோ, வழியை விட்டு விலகி ஒரு தெருவில் திரும்பவோ அவர் முயலவில்லை.

இன்றைய வழிகாட்டிகள் பொய்யரல்லர். அவர்களுள் கற்றவரும் கனிந்தவரும் பலர். எனினும் சதுக்கம், பள்ளி, பாடகர் மேடை இருந்த இடம், இசையும் ஓவியமும் நாடகமும் பற்றிய காட்சியறைகள் என்று சில உலாக்கள் செல்லும் வழி, 1944 ஜூனில் காட்டப்பட்ட பொருள்களையே பெரிதும் தொட்டுச் செல்கிறது. துன்பத்திலும் கலை மலர்ந்தது என்று முடித்தால் கேட்போர் மனம் தேறும். கலை மலர்ந்தது உண்மை. பரண்களிலும் நிலவறைகளிலும் கைதிகள் தாமாகவே அதை வளர்த்தனர். ஆயின் அதே கலையைத்தான் நாஜிகள் திரையாகத் தொங்கவிட்டனர். புருண்டிபாரில் பாடிய பிள்ளைகள் இரயிலேறியதும் அவர் இடத்தில் வேறு பிள்ளைகள் நின்று பாடினர் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி, கேட்பவர் ரோசெல் நின்ற இடத்திலேயே நிற்பார். அங்கே கைதியாயிருந்து தப்பிய எச். ஜி. ஆட்லர் 1955லேயே வெளியிட்ட பெருநூல் இவ்வூரின் ஆட்சி, உணவு, பொய் அனைத்தையும் இரக்கத்துக்கு இடமின்றி ஆராய்ந்துள்ளது. வழிகாட்டுவோர் அதனைக் கற்றிருத்தல் வேண்டும் என்று கோருவது மிகையாகாது.

ஒரு பகலில் இத்துணைப் பெருந்துயரைக் காண்பது வெறும் வேடிக்கை என்று கடிந்துரைப்பாரும் உளர். உணவு இடைவேளையும் நினைவுப்பொருள் கடையும் உள்ள உலாவில் அச்சொல்லுக்கு இடமுண்டுதான். ஆயினும் ஒரு பகல்கூட ஒதுக்காதவர் கோடி. குறை பொழுதின் சிறுமையில் இல்லை. பொழுதைப் பங்கிடும் முறையில் இருக்கிறது. சிறு கோட்டைக்குத் தரும் நேரத்தில் பாதியைக் குறைத்தால், வழியை விட்டு விலகிப் பார்க்க இடங்கள் உண்டு. ஒரு வீட்டின் கொல்லையில், கைதிகள் ஒளித்து வைத்த சிறு தொழுகை அறை, சுவரில் எபிரேய எழுத்துகள் மங்கிய நிலையில் இருக்கிறது. மதிலுக்கு வெளியே 1942இல் கட்டிய பிண எரிப்புக் கூடம் இருக்கிறது. எரித்த சாம்பல் அட்டைப் பெட்டிகளில் பெயரெழுதி அடுக்கப்பட்டிருந்தது; 1944 நவம்பரில் ஏறத்தாழ 22,000 பேரின் சாம்பலை ஓஹ்ரெ ஆற்றில் கொட்டச் செய்தனர். ஆற்றங்கரையில் அவ்விடம் இன்றும் அடையாளம் காட்டப்பட்டுள்ளது.

ஊருக்குள் இரயில் பாதை வந்தது 1943 ஜூனில். கைதிகளே அதைப் போட்டனர். அதன் ஒரு துண்டு இன்னும் தெருவோரம் கிடக்கிறது. அதற்கு முன் வந்தவர்கள் பொகுஷோவிட்சே நிலையத்தில் இறங்கி, மூட்டையைச் சுமந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தனர். பிராகிலிருந்து அந்நிலையத்துக்கு இரயிலில் போகலாம். வண்டி அமர்த்த வேண்டியதில்லை. அங்கிருந்து தெரசீனுக்கு நடக்கும் சாலை சமதரை. முதியவர்க்கும் ஒரு மணி நேரம் போதும்.